பிபிசி மைக்ரோவில் இன்றைய குறியாக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் கடைக்கு வருவார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய மிஷின்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எங்களிடம் இருப்பவற்றில் மூத்தது பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். ஏற்காட்டில் ஒரு பள்ளியின் பழைய சாமான் அறையில் கிடந்தது. 1984-ல் மத்திய அரசு பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கல்வியைக் கொண்டுவந்தபோது, கிளாஸ் என்ற திட்டத்தில் நாடெங்கும் போனது இந்த மாடல்தான். மலை ஈரத்தில் கனெக்டர்கள் பச்சை பிடித்திருந்தன. பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர் ஒன்று வயதானால் புகைந்துபோகும் என்பது இந்த மாடலைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மாற்றி, கனெக்டர்களைச் சுத்தம் செய்ததும் 'பூ-பீப்' என்று சத்தம் கொடுத்து எழுந்துகொண்டது.

அதைப் பார்த்த மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், இதுல இன்டர்நெட் வருமா?"

கம்பியை இழுத்துக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. பின்பக்கம் சீரியல் போர்ட் இருக்கிறது. ஆனால் இன்று ஏறக்குறைய எந்த இணையதளத்தின் கதவைத் தட்டினாலும், அது முதலில் கேட்பது குறியாக்கம், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி செய்தியைக் கலைத்து அனுப்புவது. சில பிரவுசர்களில் முகவரிக்கு முன்னால் ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அந்த டிஎல்எஸ் முறையில் பேசத் தெரியாத மிஷினை உள்ளே விடுவதில்லை. அப்படியானால் இந்த மிஷினால் டிஎல்எஸ் பேச முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில், 'ஸ்பீடு பத்தாது' என்பது. அது பாதி பதில்கூட இல்லை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பழைய கம்ப்யூட்டர் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடை. கொலுசு வியாபாரம். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட மிஷின், பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பில்லுக்கு ஒரு பழைய சாஃப்ட்வேர். ஒருநாள் கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, நேத்து வரைக்கும் பேங்க் பக்கம் நல்லாத்தானுங்க தொறந்துச்சு, இன்னைக்கு என்ன கேடு வந்துச்சுன்னு தெரியலீங்க." மிஷினுக்கு ஒரு கேடும் வரவில்லை. எக்ஸ்பியோடு வந்த பிரவுசருக்குத் தெரிந்தது 1999-ல் எழுதப்பட்ட டிஎல்எஸ் 1.0 வரைதான். கார்டு பணப் பரிவர்த்தனை செய்பவர்கள் அந்த முறையை 2018 ஜூன் 30-க்குள் கைவிட வேண்டும் என்று விதி வந்தது. 2020-ல் பெரிய பிரவுசர்களும் அதை நிறுத்திவிட்டன. அந்தக் கடையில் இருந்த பென்டியம் 4 சிப்புக்கு இன்றைய குறியாக்கக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை, கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். எக்ஸ்பிக்குப் புது சாஃப்ட்வேர் எழுதித் தருவதை அதன் கம்பெனி நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். இது கைவிடப்பட்டதால் வந்த முதுமை. இதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஓடுகிற மிஷினை, சிப் நன்றாக இருக்கும்போதே, பழைய இரும்புக்குப் போட வைக்கிறார்கள்.

இரண்டாவது வகை எங்கள் பிபிசி மைக்ரோ. இதற்கு நிஜமாகவே வசதி குறைவு. உள்ளே இருப்பது 6502 என்ற 8 பிட் சிப், அதாவது 0, 1 என்ற இலக்கங்களை (பிட்) எட்டெட்டாக, ஒரு பைட்டாக, எடுத்துக் கணக்குப் போடுவது. வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20 லட்சம் துடிப்பு. நினைவகம் 32 கேபி. இந்தச் சிப்புக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பெருக்கத் தெரியாது. பெருக்கல் என்ற கட்டளையே அதில் கிடையாது.

சரி, இப்போது குறியாக்கத்தின் உள்ளே போவோம். ஒரு டிஎல்எஸ் இணைப்பில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதலில் இரு தரப்பும் அறிமுகமாகி, ஒரு ரகசிய எண்ணை ஒப்புக்கொள்வது. ஹேண்ட்ஷேக் என்பார்கள். அப்புறம் அந்த ரகசியத்தை வைத்து, போகிற வருகிற செய்தியையெல்லாம் கலைத்து அனுப்புவது. சுமை இரண்டாவதில்தான் இருக்கும் என்று கேட்பவர்கள் நினைக்கிறார்கள். அதில்தான் எங்களுக்கு முதல் ஆச்சரியம்.

செய்தியைக் கலைக்க இன்று பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்று சாசா 20. டேனியல் பெர்ன்ஸ்டீன் 2008-ல் வெளியிட்டது. அதில் பெருக்கல் ஒன்றுகூட இல்லை. கூட்டல், இரண்டு பிட்டை ஒப்பிட்டு வேறாக இருந்தால் 1 போடும் எக்ஸார், பிட்டுகளைச் சுழற்றுவது, இவை மூன்றுதான். சுழற்றும் அளவுகள் 16, 12, 8, 7. இதைக் கேட்டதும் 8 பிட் சிப்பில் வேலை செய்தவர்களுக்கு முகம் மலரும். 16 இடம் சுழற்றுவது என்றால் நான்கு பைட்டில் இரண்டிரண்டாக இடம் மாற்றி எழுதினால் போதும். 8 என்றால் ஒவ்வொரு பைட்டையும் பக்கத்து இடத்துக்குத் தள்ளினால் போதும். 7 என்பது 8 தள்ளி ஒன்று திரும்பி வருவது. 12-க்கு மட்டும்தான் உண்மையில் உழைக்க வேண்டும். தாளில் கணக்குப் போட்டால் 64 பைட்டுக்குச் சுமார் 40,000 துடிப்பு ஆகிறது. அதாவது வினாடிக்கு 3,000 பைட் அளவுக்கு இந்த மிஷினால் கலைக்க முடியும். அந்தக் காலத்து 1200 பாட் மோடம் வினாடிக்கு 120 பைட்தான் கொடுக்கும். மோடத்தைவிடக் குறியாக்கம் பல மடங்கு வேகம்!

இன்னொரு பிரபலமான முறை ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்தது, 2001-ல் அமெரிக்காவில் தரநிலையானது. அதுவும் பைட் பைட்டாக வேலை செய்வது. அதன் மாற்று அட்டவணை சரியாக 256 இடம் கொண்டது. அட்டவணையில் எத்தனையாவது இடம் என்று 6502 குறித்து வைக்கும் எக்ஸ் ரெஜிஸ்டரும் 0 முதல் 255 வரைதான் எண்ணும். ஏஇஎஸ் தேர்வானபோது ஸ்மார்ட் கார்டில் ஓட வேண்டும் என்பதையும் பார்த்தார்கள். அன்றைய ஸ்மார்ட் கார்டுகள் பலவற்றில் இருந்தது 8 பிட் சிப்தான். ஆக, 8 பிட்டுக்குக் குறியாக்கம் அந்நியம் இல்லை.

சிக்கல் பெருக்கல் வரும் இடத்தில் ஆரம்பிக்கிறது. சாசா 20 தனியாக வராது. செய்தியை வழியில் யாரும் தொடவில்லை என்பதற்கு முத்திரை போடும் பாலி 1305 என்ற முறையும் கூடவே வரும். அதில் 130 பிட் எண்களைப் பெருக்க வேண்டும். நம் சிப்பில் அந்த முத்திரைக்கு ஆகும் நேரம், செய்தியைக் கலைக்க ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. இரண்டும் சேர்ந்தால் வேகம் வினாடிக்கு ஆயிரம் பைட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அதுவும் எழுத்து படிக்கப் போதும், நான் குறை சொல்ல மாட்டேன்.

பெருக்கத் தெரியாத சிப்பைப் பெருக்க வைப்பது எப்படி? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 9-ஐ 5-ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டுங்கள், 14. கழியுங்கள், 4. 14-ன் வர்க்கம் 196, அதில் கால் பங்கு 49. 4-ன் வர்க்கம் 16, அதில் கால் பங்கு 4. 49-ல் 4 போனால் 45. ஒன்பதைந்து நாற்பத்தைந்து! எந்த இரண்டு எண்ணுக்கும் இது சரியாக வரும். கால் வர்க்கங்களை முன்கூட்டியே அட்டவணையாக நினைவகத்தில் வைத்துவிட்டால், பெருக்கல் என்பது ஒரு கூட்டல், ஒரு கழித்தல், இரண்டு முறை அட்டவணை பார்ப்பது, மறுபடி ஒரு கழித்தல் என்று சுருங்கிவிடும். கால்குலேட்டர் இல்லாத 19-ஆம் நூற்றாண்டில் இதற்கென்றே கால் வர்க்க அட்டவணைப் புத்தகங்கள் அச்சிட்டு விற்றார்கள். அதே உபாயம் இந்தச் சிப்புக்கும் உயிர் கொடுக்கிறது. மாணவர்கள் இதைக் கரும்பலகையில் போட்டுச் சரிபார்த்தபோது அவர்கள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். புத்தகத்தில் 'குறியாக்கம்' என்ற அத்தியாயத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

இந்த உபாயத்தோடு ஹேண்ட்ஷேக்குக்குப் போவோம். ரகசிய எண்ணை ஒப்புக்கொள்ள இன்று அதிகம் பயன்படுவது கர்வ் 25519, இதுவும் பெர்ன்ஸ்டீன் கொடுத்ததுதான். 32 பைட் நீளமுள்ள எண்களை மீண்டும் மீண்டும் பெருக்க வேண்டும். ஒரு முறை இந்தக் கணக்கை முடிக்க, பைட்டுக்குப் பைட் பெருக்கல் சுமார் 28 லட்சம் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் 80 துடிப்பு என்று வைத்தால், கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். இதை இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒன்று எதிர்முனைக்கு வெளிப்படையாக அனுப்பும் நம் பொதுச் சாவியை உண்டாக்க, இன்னொன்று ரகசியத்தை எடுக்க. முதலாவதை இணைப்புக்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

அப்புறம் இணையதளத்தை நடத்தும் சர்வர், தான் யார் என்று காட்டும் சான்றிதழை நீட்டும். அதில் உள்ள கையெழுத்து உண்மையா என்று பார்க்க வேண்டும். ஆர்எஸ்ஏ என்ற முறையில் போட்ட 2048 பிட் கையெழுத்து ஒன்றைச் சரிபார்க்க ஒன்றரை நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று மட்டும் இல்லை, சான்றிதழ் வரிசையோடு சேர்த்து மூன்று வரும். எல்லாம் முடிய ஆறு ஏழு நிமிடம் ஆகும். ஏழு நிமிடம் காத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதிர்முனை சர்வர் காத்திருக்காது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்விடும். ஆக, வேகம் முட்டுக்கட்டை ஆவது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

நான் அடுத்து சொல்வதெல்லாம் வேகத்தோடு சம்பந்தம் இல்லாதவை. சிப்பை நூறு மடங்கு வேகமாக்கினாலும் தீராதவை.

முதலாவது, நினைவகத்தில் இடம். 32 கேபி என்றேன், அது முழுக்க நமக்கு இல்லை. பிளாப்பி டிரைவ் இணைத்த மிஷினில் தொடக்கத்தில் 6,400 பைட் சிஸ்டத்துக்குப் போய்விடும். உயர்தரத் திரை வைத்தால் திரை மட்டும் 20 கேபி. மிச்சம் 6 கேபிகூட இல்லை. வெறும் எழுத்து காட்டும் 7-ஆம் எண் திரைமுறைக்குப் போனால் திரைக்கு ஒரு கேபிதான், 25,344 பைட் கையில் நிற்கும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் டிஎல்எஸ்-ல் ஒரு பொட்டலம் 16,384 பைட் வரை வரலாம். முத்திரை இருப்பது பொட்டலத்தின் கடைசியில். ஜவ்வரிசி மூட்டை முழுசாக வந்து சீல் பார்த்து முடிக்கும்வரை அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுக்கக்கூடாது என்பதுபோல, முழுப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு முத்திரையைச் சரிபார்த்த பிறகுதான் முதல் எழுத்தைப் படிக்கலாம். மீதம் 9 கேபியில் புரோகிராம், பெருக்கல் அட்டவணை, சான்றிதழ் எல்லாம் அடங்க வேண்டும். சின்னப் பொட்டலமாக அனுப்பு என்று சர்வரிடம் கேட்க விதியில் வழி இருக்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரண்டாவது தற்செயல். ரகசிய எண் யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தற்செயலாக எதையும் செய்யத் தெரியாது. இந்த மிஷினின் பேசிக் மொழியில் ஆர்என்டி என்று கேட்டால் கொடுப்பது சூத்திரத்தில் இருந்து வரும் எண். தொடக்கம் தெரிந்தால் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசர் தன் ரகசிய எண்ணை நேரத்தையும் புராசஸ் எண்களையும் வைத்துத்தான் உருவாக்குகிறது என்று ஐயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற பெர்க்லி மாணவர்கள் இருவர் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 2008-ல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு பிழை வெளியே வந்தது. இரண்டு வருடமாக அதில் உண்டான சாவிகள், ஒரே வகையில் மொத்தம் 32,768 விதம்தான் என்று ஆகிவிட்டது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? எங்கள் பிபிசி மைக்ரோவில் இதற்கு ஒரு நல்ல வழி அகப்பட்டது. ஜாய்ஸ்டிக் செருகும் அனலாக் போர்ட் அந்த மாடலில் கொஞ்சம் இரைச்சலானது. எதையும் தொடாமல் விட்டாலும் கடைசி பிட்டுகள் ஆடிக்கொண்டே இருக்கும். விளையாடுகிறவர்களுக்கு அது தொல்லை, எங்களுக்கு வரம். அந்த ஆட்டத்தையும், ஆள் கீ அழுத்தும் இடைவெளிகளையும் சேர்த்து, எதைப் போட்டாலும் கலக்கி 32 பைட்டாகச் சுருக்கும் எஸ்ஹெச்ஏ 256 என்ற கணக்கில் போட்டால் நம்பும்படியான எண் கிடைக்கும். மெதுவாகத்தான் சேரும். சேரட்டும்.

மூன்றாவது கடிகாரம். சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. எங்கள் பிபிசி மைக்ரோவில் தேதி காட்டும் கடிகாரமே கிடையாது. பவர் போட்ட நொடியிலிருந்து எண்ணத் தொடங்கும், அவ்வளவுதான். கடிகாரம் இருக்கும் பழைய பிசிகளிலும் போர்டு பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வந்தால் 1980 ஜனவரி 1 என்று காட்டும். அந்த மிஷினைப் பொறுத்தவரை இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இணையம் திறக்கவில்லை என்று கடைக்கு வரும் மிஷின்களில் இந்த ஒரு காரணத்தால் வருபவை நிறைய. முதலில் கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள் என்று போனிலேயே சொல்லிவிடுவேன்.

நான்காவது நம்பிக்கை. சான்றிதழுக்கு மேலே ஒரு சான்றிதழ், அதற்கு மேலே ஒரு மூலச் சான்றிதழ் என்று போகும். அந்த மூலம் நம் மிஷினிலேயே இருக்க வேண்டும், அதற்கும் ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30-ல் அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் நின்றுபோன எத்தனையோ கருவிகள் ஒரே நாளில் திணறின. சர்வர் சான்றிதழின் ஆயுளும் குறுகிக்கொண்டே வருகிறது. 2020-ல் 398 நாள் என்று வைத்தார்கள், 2029-க்குள் 47 நாளாக்குவது என்று 2025-ல் முடிவானது. இது பாதுகாப்புக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மிஷினை ஒருமுறை சரிசெய்து வைத்தால் அப்படியே பத்து வருடம் ஓடும் என்ற நினைப்புக்கு இனி இடம் இல்லை. யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய சிப்புக்கு ஒரு நற்குணமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நவீன சிப்பில் கேஷ் என்ற இடைநினைவகம் இருக்கிறது. கணக்கு முடியும் நேரத்தை வெளியில் இருந்து அளந்தே ஏஇஎஸ் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று 2005-ல் காட்டினார்கள், அதற்குக் காரணம் இந்தக் கேஷ். 6502-ல் கேஷ் இல்லை. ஏஇஎஸ் அட்டவணையைப் பார்ப்பதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அதுவும் உளறும்: அட்டவணை ஒரு 256 பைட் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தில் நீண்டால், அந்தப் பக்கம் பார்க்கும்போது ஒரு துடிப்பு கூடும். அட்டவணையைப் பக்கத்தின் தொடக்கத்தில் சரியாக வைத்துவிட்டால் அந்த உளறலும் நின்றுவிடும்.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? இடையில் ஒரு சின்னப் பெட்டி வைப்பதுதான். ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போதும். வெளியே உள்ள இணையத்தோடு அது இன்றைய டிஎல்எஸ் 1.3-ல் பேசும், பழைய மிஷினோடு சாதாரணமாகப் பேசும். செய்தி அந்தப் பெட்டிக்கும் பழைய மிஷினுக்கும் நடுவில் திறந்தபடி போகும் என்பதால், அந்தக் கம்பி ஒரே மேஜைமேல் இருக்க வேண்டும். வைஃபையில் விடாதீர்கள். வெள்ளிக் கடைக்கும் இதே முறைதான் செய்தோம்: பில் போடும் எக்ஸ்பி மிஷின் இணையத்தில் இருந்து முழுக்கப் பிரிந்தது, பேங்க் வேலைக்கு வேறு மிஷின் வந்தது. பழையதை வைத்துக்கொண்டே நேராக இணையத்தில் பேங்க் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எனக்குப் பழைய மிஷின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பெட்டி வைத்துவிட்டால் கற்றுக்கொள்வது நின்றுவிடும். அதனால்தான் மாணவர்கள் மிஷினிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சாசா 20 ஓடுகிறது. பாலி 1305-ல் இன்னும் துடிப்புகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து எம்எல்கெம் எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் உடையக்கூடாது என்று 2024 ஆகஸ்டில் தரநிலையான புது முறை அது. இதில்தான் எங்களுக்கு இரண்டாவது ஆச்சரியம். அதிகம் பயன்படும் அளவில் அதன் பொதுச் சாவி 1,184 பைட், கர்வ் 25519-ன் 32 பைட்டோடு பார்த்தால் பூதம். ஆனால் உள்ளே பெருக்கப்படும் எண்கள் எல்லாம் 3,329-க்குக் கீழே, 12 பிட்டில் அடங்குபவை. பெருக்கல் சுமை 25519-ஐவிடக் குறைவு. பெருக்கத் தெரியாத 1975-ஆம் வருடத்துச் சிப்புக்கு, 2024-ஆம் வருடத்துக் குறியாக்கம் அதற்கு முந்தியதைவிட இலகுவாக இருக்கும்போலத் தெரிகிறது. பழைய மோடம் வேகத்தில் அந்தச் சாவி போய்ச் சேரப் பத்து வினாடி ஆகும், அதற்குள் அடுத்த கணக்குக்குத் தயாராகிவிடலாம்.

சேலம், ஏற்காடு பக்கம் பள்ளிகளிலோ எஸ்டேட் ஆபீஸ்களிலோ இந்த மாதிரி மிஷின்கள் இன்னும் மூலையில் கிடக்கும். எடைக்குப் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நேராக பிளக்கைச் செருகி ஆன் செய்யாதீர்கள், முதலில் பவர் சப்ளையைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய பிசியாக இருந்தால் மதர்போர்டில் நீல நிற பேட்டரி ஒன்று உருளையாக இருக்கும். அது கசிந்து போர்டை அரிக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். பிளாப்பிகளை மலை ஈரத்தில் விடாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கோ கல்லூரியோ இருந்தால் அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.